கழி நட்ட தண்ணீர்

அந்தமானிலிருந்து என் கணவர் எழுதும் கடிதங்களில் எனக்கென்று ஒரு வரி இருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள் என்று. மீதி எல்லாம் கடல்தான். தண்ணீருக்கு அடியில் பவழம் மரம்போலக் கிளைவிட்டு நிற்பதை எழுதுவார். படகிலிருந்து குனிந்தால் மஞ்சளும் நீலமுமாக மீன்கள் அதற்குள் புகுந்து புறப்படுவதை எழுதுவார். உச்சி தெரியாத மரங்கள், தேங்காயை உடைத்துத் தின்னும் நண்டு, அமாவாசையில் துடுப்புப் பட்ட இடமெல்லாம் ஒளிரும் தண்ணீர் என்று கடிதத்துக்கு ஒரு அதிசயம் வரும். எங்கள் மகள் அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். போனதும் எதை முதலில் பார்ப்பது என்பதில் அவளுக்கு அடிக்கடி மனம் மாறும். அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவாள்.

நான் பொன்னேரியில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். அவர் போர்ட் பிளேரில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. மகளுக்கு நான்கு வயதில் போனவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கப்பலேறி வருவார். இப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன என்று நிலத்தை அளந்து கல் நடுகிறார்கள். அப்போது அங்கே வயலும் சவுக்குத் தோப்பும் மட்டும் இருந்தன. படித்தவருக்கு வேலை என்றால் மதராஸ், இல்லையென்றால் மதராஸைத் தாண்டி எங்காவது.

அறுபதுகளின் கடைசி. மகளுக்கு ஒன்பது வயது. அந்த மார்கழியில் எங்களைக் கூட்டிக்கொள்வதாக அவர் எழுதியிருந்தார். நான் பள்ளியில் லீவு கேட்டு வைத்தேன். டிரங்குப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கினோம். கப்பலுக்குப் பத்து நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை, இந்தத் தடவை வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம்.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நோட்டை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், தனக்கே எட்டாத உயரத்தில், நாற்காலி போட்டு ஏறி வைத்தாள்.

எங்கள் தெருவுக்குப் பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டு வரும் அம்மா ஒருத்தி இருந்தாள். கூடையை இறக்கியதுமே என் முகத்தைப் பார்த்துவிடுவாள்.

“இன்னா டீச்சரம்மா, மூஞ்சி வெந்தும் வேகாத சோறு மாரி கீது?”

சொன்னேன்.

“அந்தமான்ல அப்பிடி இன்னாதான் கீது?”

“தீவும்மா. சுத்திக் கடல். குழந்தைக்கு அதையெல்லாம் பார்க்கணும்னு ஆசை.”

“தீவா? இத்த சொல்றதுக்கா இம்மா நேரம்? எங்க ஊட்டாண்ட இல்லாத தீவா? ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடலு, நடுவுல மணலு. கப்பலும் வாணாம் ஒண்ணும் வாணாம். எங்க ஊட்டு ஆம்பள இட்டுக்கினு போவாரு. பாப்பாவ அனுப்பு, நீயும் வா. இங்கியே உக்காந்துக்கினு இன்னா பண்ணப் போற?”

மகள் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அங்க பவழம் இருக்கா?” என்றாள்.

“பவழம் இல்ல கண்ணு. ஆனா செவப்பு பறவ கீது. ஆயிரம் கீது. எண்ணிக்கினே இரு, ராவாயிடும்.”

அன்று மாலையே மகள் நாற்காலி போட்டு நோட்டை இறக்கினாள். அதைப் பார்த்த பிறகு போகாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பொங்கல் லீவில், காணும் பொங்கல் கூட்டம் ஓய்ந்த மறுநாள், காலை பஸ்ஸில் போனோம். அந்த நாளைக் குறித்தது நான்தான். மீன்கார அம்மா, “அன்னிக்கி எங்க பாடு ஆச்சே” என்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு, “பரவால்ல, சமாளிச்சிக்குவாரு” என்றாள். பாடு என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. ஏதோ கஷ்டம் என்று எடுத்துக்கொண்டேன். கடலிலிருந்து ஏரிக்குள் தண்ணீர் ஏறும் இடத்தில்தான் நல்ல இறால் கிடைக்கும். அங்கே எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. அதனால் குடும்பங்கள் முறை வைத்துக்கொள்ளும். முறை வரும் நாள்தான் பாடு. அன்றைக்கு விட்டால் மறுபடி முறை வரும் வரைக்கும் கரையோரத்தில் கிடைத்ததைப் பிடிக்க வேண்டியதுதான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

அவள் கணவர் ஒல்லியான மனிதர். படகின் பின்புறம் நின்று மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு வந்தார். தண்ணீர் கலங்கலாக இருந்தது. மகள் விளிம்பில் குனிந்து அடியைப் பார்க்க முயன்றாள்.

“ஒண்ணும் தெரியல” என்றாள்.

“நைனாகிட்ட சொல்லு பாப்பா,” என்றார் அவர், “எங்க ஏரி மூஞ்ச காட்டாது, வயித்த மட்டும் ரொப்பும்னு.”

வழியில் சில பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக் கூடையில் போட்டார்கள். அவர்களை ஒட்டிக் குச்சிகள் வரிசையாக நட்டிருந்தன. ஏரியின் நடுவில் மனிதர்கள் நடப்பது எனக்கு வியப்பாக இருந்தது. அவ்வளவுதானா ஆழம் என்று கேட்டேன். “இங்க அம்மாந்தான்” என்றார். அந்த “இங்க” என் காதில் நிற்கவில்லை.

தீவு என்பது நீண்ட மணல் திட்டு. குடிசைகள் வடக்கே வெகு தூரத்தில் இருந்தன. நாங்கள் இறங்கிய இடத்தில் நான்கைந்து பனைகளும் தாழம்புதரும் மட்டும். அவர் எங்களைக் கடல்பக்கம் கூட்டிப் போய் மணலில் ஒரு தடத்தைக் காட்டினார். மாட்டுவண்டி ஒன்று கடலிலிருந்து ஏறி வந்து, சுற்றித் திரும்பிக் கடலுக்கே போனது போல இருந்தது. ஆமை முட்டையிட வந்த தடம். மகள் அதன் ஓரமாகவே, ஒரு கோடும் கலையாதபடி, அலை வரைக்கும் நடந்து போனாள். பிறகு அவர் மணல்மேட்டின் அடியில் கைகளால் பள்ளம் தோண்டினார். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறியது. குடித்துப் பார்த்தேன். இளநீர் போல இருந்தது. இந்தப் பக்கம் நூறு அடியில் கடல், அந்தப் பக்கம் அதே தூரத்தில் உப்பு ஏரி, நடுவில் இந்த நீர். என் கணவருக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

“அப்பா லிஸ்டுல இது இல்ல” என்றாள் மகள். நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.

உச்சிக்கு முன் படகுக்காரர் கிளம்பினார். “வலை கட்டணும். கடத்தண்ணி ஏத்தம் நின்னதும் வந்துருவேன். இந்தப் பனையாண்டயே இருங்க” என்றார்.

“எத்தனை மணிக்கு வருவீங்க?”

அவர் சிரித்தார். வானத்தைப் பார்த்து, ஏரியைப் பார்த்து, “ஒரு மூணு, நாலு” என்றார். எனக்காகச் சொன்ன மணி அது. அதை நான் கைக்கடிகாரத்தில் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் கட்டுச்சோற்றைத் தின்றோம். பறவைகள் ஏரிப்பக்கம் இருந்தன. தூரத்தில் முதலில் பார்த்தபோது தண்ணீரில் நுரை ஒதுங்கிக் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு நீண்ட கோடு. பிறகு அந்தக் கோட்டுக்குக் கால்கள் இருப்பது தெரிந்தது. பூநாரைகள். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, ஒரே சமயத்தில் ஒரே பக்கமாக நகர்ந்தன. அவற்றின் முனகல் மணல் வரைக்கும் கேட்டது, கல்யாண வீட்டுக் கூடத்தில் எல்லோரும் மெதுவாகப் பேசிக்கொள்வது போல. மகள் எண்ணினாள். முந்நூறில் விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்தத் தனிமை முழுதாகத் தெரிந்தது. ஒரு அழகான காட்சியைப் பார்த்ததும் பக்கத்தில் திரும்பி, பார்த்தீங்களா என்று கேட்கத் தோன்றும் அல்லவா. நான் திரும்பினேன். தாழம்புதர்தான் இருந்தது. ஐந்து வருடமாக அவர் அங்கே திரும்பித் திரும்பிப் பார்த்துத்தான் இத்தனை கடிதம் எழுதினாரா என்று யோசித்தேன்.

மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. படகு வரவில்லை. பொன்னேரிக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. நாலே காலுக்கு மகள், “அவர் மறந்துட்டாரா?” என்றாள். அதுவரை நான் அப்படி நினைக்கவில்லை. அவள் கேட்டதும் அது உண்மையாகிவிட்டது. ஆள் இல்லாத மணலில் ஒரு பெண்குழந்தையோடு இரவைக் கழிப்பதை எண்ணிப் பார்த்தேன்.

எதிர்க்கரை பக்கத்தில் இருப்பது போலத் தெரிந்தது. பழவேற்காட்டு வீடுகளின் கூரைகள் தெளிவாகத் தெரிந்தன. எங்களுக்கு எதிரே தண்ணீரில் ஒரு வரிசைக் கழிகள், தீவிலிருந்து கரையை நோக்கி நேராகப் போயின. காலையில் பெண்கள் நடந்தது இப்படிப்பட்ட ஒரு வரிசையை ஒட்டித்தானே. நடக்கிறவர்களுக்கு வழி தெரிவதற்காக நட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்குத் திசை சொல்லிக்கொடுக்கிறவள் நான். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

செருப்புகளைப் பையில் போட்டுக்கொண்டு, புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து இறங்கினேன்.

முதல் நாலைந்து கழி வரைக்கும் முழங்கால் தண்ணீர்தான். மகளுக்கு அது விளையாட்டு. கழிகளை எண்ணிக்கொண்டு வந்தாள். சூரியன் நேரே கண்ணில் அடித்ததால் முன்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தது. மார்புக்கு வந்தது. பக்கவாட்டில் யாரோ மெதுவாகத் தள்ளுவது போல இருந்தது. கடலின் ஏற்றம் ஏரிக்குள் வந்துகொண்டிருந்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்த கணத்தில் என் வலது கால் சேற்றுக்குள் தொடை வரை போயிற்று. சிப்பி ஏதோ உள்ளங்காலைக் கிழித்தது. காலை இழுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

கையை விட்டேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு மூச்சு. நிமிர்ந்தபோது அவள் என் பக்கத்தில் இல்லை. தண்ணீர் அவளைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு கழி தள்ளி விட்டிருந்தது. அந்தக் கழியை அவள் இரு கைகளாலும் கட்டிக்கொண்டிருந்தாள். அதில் பழைய வலைக்கயிறு ஒன்று சுற்றியிருந்தது. அதற்குள் முழங்கையை விட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் கழுத்தில் இருந்தது. என்னால் போக முடியவில்லை. ஒரு காலை எடுத்தால் மற்றது புதைந்தது. பத்தடி தூரம். பெற்ற தாய் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு, “பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் செய்யவில்லை. அவள் அழவில்லை, அம்மா என்றும் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையில் பயம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வந்துவிடுவேன் என்று காத்திருந்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் கத்தியதில் பூநாரைக் கூட்டம் எழும்பியது. வெளிறிய அந்தப் பறவைகளின் இறக்கைக்கு அடியில் அவ்வளவு சிவப்பு இருக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. சிவப்பும் ஓரத்தில் கறுப்புமாக, வானம் முழுக்க எங்கள் தலைக்கு மேல் போயின. அவள் தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள். என் வாழ்நாளில் நான் பார்த்த மிகப் பெரிய அதிசயம் அதுதான். அதை இன்னொரு முறை பார்க்க எனக்கு ஆசை இல்லை.

பறவைகள் காரணமில்லாமல் எழும்பாது என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். தெற்கே முகத்துவாரத்தின் பக்கம் வலையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். எங்கள் படகுக்காரர் கட்டிய வலையை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, இன்னொருவரோடு கழி ஊன்றி வந்தார். முதலில் அவளைத்தான் தூக்கினார். முழங்கை கயிற்றிலிருந்து வரவில்லை; கத்தியால் கயிற்றை அறுத்தார். பிறகு என்னை இருவருமாக இழுத்துப் படகில் போட்டார்கள்.

கரைக்குப் பாதி தூரம் வந்தோம். அப்போது படகுக்காரர், “எதுக்கும்மா எறங்கின?” என்றார்.

“கழி நட்டிருந்ததே. வழின்னு நினைச்சேன்.”

கூட வந்தவர் சிரித்துவிட்டார். “தண்ணியில வழி காட்ட நாங்க இன்னா ரோடா போட்டுக்கீறோம்?”

“சும்மா இருடா” என்றார் படகுக்காரர். என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: “தண்ணி இஸ்துக்கினு ஓடற எடத்துலதான் வலை நிக்கும். வலை கட்டத்தான் கழி. ஆழம் இல்லாத எடத்துல எவன் கழி நடுவான்? காலீல நீ பாத்தது குச்சி, அது அந்தப் பொம்பளைங்க நட்டுக்கினது. இது கழி.”

“நீங்க நாலு மணிக்கு வரேன்னீங்களே.”

“ஏத்தம் நின்னதும்னு சொன்னேன். இன்னும் நிக்கலயே.”

அவர் தாமதிக்கவே இல்லை.

மகள் என் மடியில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பல் கிட்டியது. நான் அவளை இறுக்கிக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் விட்டுவைத்தாள். பிறகு, “வலிக்குதும்மா” என்று மெல்ல என் கையை எடுத்துவிட்டாள். முழங்கையில் கயிறு அழுத்திய இடம் கன்றியிருந்தது. அதைத்தான் சொன்னாள். எனக்கு வேறு மாதிரி கேட்டது.

பத்து நாளுக்கு மேல் மீன்கார அம்மா எங்கள் தெருவுக்கு வரவில்லை. வந்தபோது நான் வாசலுக்குப் போக வெட்கப்பட்டேன். அன்று அவர்கள் வலையில் ஒன்றும் நிற்கவில்லை, பாதி வலையைத் தண்ணீர் கிழித்துக்கொண்டு போய்விட்டது என்று அவள் வாயிலிருந்துதான் தெரிந்தது.

“போவட்டும் உடு” என்றாள். “மொற திரும்பி வரும். புள்ள திரும்பி வருமா?” அதைச் சொல்லிவிட்டு, எப்போதும்போல மீனின் செவுளைத் திறந்து சிவப்பைக் காட்டினாள்.

அப்பாவுக்குக் கடிதம் எழுதியது மகள். இன்லண்ட் லெட்டரின் இரண்டு பக்கமும் அவளுக்கே போதவில்லை. ஆமைத் தடம், மணலில் ஊறிய நீர், பறவைகள் மேலே போனபோது தெரிந்த சிவப்பு எல்லாம் இருந்தது. தண்ணீரில் இறங்கியது இல்லை. கழி இல்லை. நான் இரண்டு முறை படித்தேன். விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. அவளாக விட்டிருக்கிறாள். என்னைக் காப்பாற்றவா, இல்லை அவளுக்கு அது சொல்லத் தகுந்த விஷயமாகவே படவில்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஒட்டுவதற்கு முன், மடிக்கும் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்: “குழந்தையைத் தண்ணீரில் நடத்திக் கூட்டிப் போனேன். நடுவில் கையை விட்டுவிட்டேன். படகுக்காரர் காப்பாற்றினார். தப்பு என்னுடையது.” தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

பதில் வர மூன்று வாரமாயிற்று. தான் அந்தமானில் பூநாரையைப் பார்த்ததே இல்லை, நீங்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று மகளுக்கு எழுதியிருந்தார். எனக்கு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று. அவ்வளவுதான். இன்லண்டைக் கிழித்துத் திறக்கும்போது அந்த ஓரம் போயிருக்கலாம். அல்லது படித்திருக்கலாம். அடுத்த கடிதத்திலும் இல்லை, அதற்கு அடுத்ததிலும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு வரிக்காக ஒவ்வொரு கடிதத்தையும் ஓரம் கிழியாமல் கத்தரியால் திறந்து, நான்கு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன்.

மறுவருடம் தை மாதம் லீவில் வந்தார். வந்த மூன்றாம் நாள், “உங்க தீவை எனக்குக் காட்டுங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மூவரும் போனோம். அதே படகுக்காரர்தான். அவர் என்னைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். பழைய கதை எதையும் எடுக்கவில்லை.

மகள் முதலில் ஏறினாள். அவர் ஏறினார். என் கால் நகரவில்லை. கரையில் மணலுக்கு மேல்தான் நின்றேன், ஆனாலும் கால் புதைந்தது போல இருந்தது.

“நீ வரலையா?”

“தலைவலி. நீங்க போய்ட்டு வாங்க.”

“பெரிய மனுசங்க கரையில இருக்கட்டும்” என்றார் படகுக்காரர், “நாங்க பாத்துக்கறோம்.”

அன்று பகல் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னிடம் யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்டார்கள். சொன்னேன். “வந்துருவாங்க” என்றார்கள். தொலைவில் ஒரு தடவை பறவைக் கூட்டம் எழும்பியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அது சும்மா ஒரு வட்டம் போட்டுத் திரும்ப இறங்கிற்று. அதன் பிறகு உட்காரவில்லை.

படகு வந்ததும் முதலில் பார்த்தது மகளின் பாவாடை ஓரத்தை. காய்ந்திருந்தது. பிறகுதான் அவரைப் பார்த்தேன். அவர் அவள் கையைப் பிடித்திருந்தார். படகிலிருந்து தூக்கி இறக்கும்போது ஒரு கையை விட்டால் மறு கையைப் பிடித்துக்கொண்டார். உலர்ந்த மணலில், கடைத்தெருவில், பஸ் நிற்கும் இடம் வரைக்கும் விடவில்லை. பத்து வயதுப் பெண், இழுத்துப் பார்த்தாள், “விடுங்கப்பா” என்றாள். அவர் பேசிக்கொண்டே, பூநாரையின் கால் எவ்வளவு நீளம் என்று சொல்லிக்கொண்டே, பிடியை மாற்றிப் பிடித்தார்.

அந்த ஓரத்தை அவர் படித்திருக்கிறார் என்று அப்போது தெரிந்தது. ஒரு வருடமாக அதைத் தன்னிடமே வைத்திருக்கிறார். இனியும் சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன்.

பஸ்ஸில் அவர்கள் இருவரும் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு இடம் கிடைத்தது. மீஞ்சூர் போகிற ஒரு அம்மா பக்கத்தில் இருந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டு, பொன்னேரி வரும்வரை அவர்கள் தலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.